கூரை பார்த்து வாங்கிய வண்டி

மூன்று மாதங்களாக நான் எதுவும் எழுதவில்லை. உடல்நலம் சரியில்லையா என்று பெற்றோர்கள் சிலர் பள்ளி வாசலில் கேட்டார்கள். சக ஆசிரியர் ஒருவர் நான் இடமாற்றத்திற்கு விண்ணப்பித்துவிட்டதாகவே முடிவு செய்துவிட்டார். உண்மைக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வண்டியின் கூரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் தந்தைக்கு இப்போது 76 வயது. பாடாங் மேஹாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரத்திற்கு மேல் உட்கார முடியாது. படுக்க வேண்டும். அடிக்கடி கழிப்பறைக்கும் போக வேண்டும். அவருடைய ஒரே தங்கை, என் அத்தை, திருமணமாகி ஜொகூருக்குச் சென்றவர், குளுவாங்கில் இருக்கிறார். அவராலும் பயணம் செய்ய இயலாது. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். பேசி முடித்ததும் அப்பா நெடுநேரம் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

விமானத்தில் அழைத்துச் செல்லலாமே என்று பலரும் கூறினர். அப்பா மறுத்துவிட்டார். வாடகைக்கு வண்டி எடுக்கலாம் என்றால், "அடுத்தவன் மெத்தைய நான் நனைச்சுட்டா என்ன புள்ள பண்ணுவ?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே, படுக்கையும் சிறு கழிப்பறையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்குவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். மோட்டார் ஹோம் என்கிறார்களே, அதுதான். கூட்டுறவுக் கழகத்தில் கடனுக்கு விண்ணப்பித்தோம். ஆசிரியர்களுக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை!

பழைய மகிழுந்து வாங்கும்போது இயந்திரத்தைப் பார்க்கிறோம், சக்கரத்தைப் பார்க்கிறோம். வீட்டு வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது கூரையை. இயந்திரம் பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். கூரை ஒழுகினால் நீர் சுவருக்குள் இறங்கும். பெரும்பாலான வண்டிகளின் சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் இருக்கின்றன. அவை வெளியே தெரியாமல் மெல்ல மெல்ல உளுத்துப் போகும். உள்ளே புதிய வர்ணம் பூசி, புதிய மெத்தையும் திரைச்சீலையும் போட்டுவிட்டால் கண்ணுக்கு எதுவும் புலப்படாது. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார். அதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்குச் சிறிது காலம் பிடித்தது.

முதலில் பார்த்த வண்டி அழகானது. வெள்ளை நிறம், உள்ளே தேக்கு நிற அலமாரிகள், மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். விலையும் எங்கள் கடன் தொகைக்குள் அடங்கியது. "கூரை முழுக்க ரப்பர், ஒரு சொட்டு நீர் இறங்காது" என்று விற்பவர் உறுதியளித்தார். ஏணியில் ஏறிப் பார்த்தேன். கருநிற விரிப்பு ஒன்று ஒரே துண்டாகக் கூரை முழுதும் ஒட்டப்பட்டிருந்தது.

ரப்பர் கூரை என்றதும் அப்பா முகம் சுளித்தார். "நாற்பது வருஷம் ரப்பரோட கெடந்தவன் நான். ரப்பரு வெயில்ல தாங்காது தாயி. சைக்கிள் டியூப்ப வெயில்ல போட்டுப் பாரு, ஒரு வருஷத்துல வெடிச்சிரும்."

எனக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும், இந்த இடத்தில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அன்று அப்பாவிடமும் இப்படித்தான் விரிவுரை ஆற்றினேன்.

நம் தோட்டங்களில் நின்ற மரங்களின் மூதாதை பிரேசில் நாட்டைச் சேர்ந்தது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் அங்கிருந்து எழுபதாயிரம் விதைகளை இங்கிலாந்தின் கியூ பூங்காவிற்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளுள் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. நம் பாட்டன் பாட்டிகளைக் கடல் கடக்க வைத்த பயிரின் தொடக்கம் அவ்வளவுதான். அம்மரம் தரும் ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதை உறுதிப்படுத்தும் வழியைக் கண்டார். ஆயினும் வெயிலையும் காற்றிலுள்ள ஓசோனையும் அது வெல்லவில்லை. காரணம், இயற்கை ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலி நெடுகிலும் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. ஓசோன் அவ்விடங்களைத் தேடித் தாக்கிச் சங்கிலியை அறுக்கிறது. அப்பா சொன்ன சைக்கிள் டியூப்பின் வெடிப்பு அதுதான்.

வண்டிக் கூரையில் ஒட்டுவது வேறு ரப்பர். ஈ.பி.டி.எம். என்பது அதன் பெயர். மரத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. எத்திலீன், புரொப்பிலீன் ஆகிய வாயுக்களிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. 1960களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. அதன் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே இல்லை. ஆகவே, ஓசோனுக்குப் பிடி கிடைப்பதில்லை. பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தாலும் நெகிழ்ச்சியோடு இருக்கும். எண்ணெயும் பெட்ரோலும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, "அப்பா, இது உங்க காலத்து ரப்பர் இல்ல. உங்களுக்கு இது தெரியாது" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மகிழுந்தில் ஏறிச் சாய்ந்து படுத்துக்கொண்டார். வீடு வரும் வரை பேசவில்லை. நான் சொன்னதில் அறிவியல் பிழை ஏதுமில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு என்ன தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். என் பிள்ளைப் பருவ லயத்து வீட்டின் கூரை துத்தநாகத் தகரம். எங்கள் பேச்சில் 'சிங்கு'. உண்மையில் அது துத்தநாகப் பூச்சிட்ட எஃகுத் தகடு. அப்பூச்சு தேய்ந்த இடத்தில் துரு பிடிக்கும். துரு பிடித்த இடத்தில் விடியும்போது ஒளிப்புள்ளிகள் தெரியும். அதற்கும் முந்தைய அத்தாப்புக் கூரையைப் பாட்டி புகழ்வார், குளிர்ச்சியாம். ஆனால், சில ஆண்டுகளுக்கொரு முறை ஓலை மாற்ற வேண்டும், தேளும் பூரானும் இலவசம். சிங்குக் கூரையின் கீழ் நண்பகலில் உட்கார முடியாது. வெயில் காலத்தில் ரப்பர்க் காய்கள் வெடித்து, கொட்டைகள் தகரத்தின் மேல் விழுந்து தடதடவென்று உருளும். மழை வந்தாலோ ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. மழை நாளில் எங்கள் வீட்டில் சண்டையே இருந்ததில்லை!

நான் நான்காம் ஆண்டு படித்தபோது ஒரு மாலைப் புயற்காற்றில் இரண்டு தகடுகள் பெயர்ந்து போயின. என் பள்ளிப் புத்தகங்கள் அத்தனையும் நனைந்தன. அப்பா அந்த மழையிலேயே மேலே ஏறிப் பழைய தகடுகளைத் தேடி எடுத்துக் கட்டினார். மறுநாள் பால் வெட்டி வந்த பிறகு ஆணியடித்தார். நான் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். "மேட்டுல அடிக்கணும் புள்ள, பள்ளத்துல அடிச்சா தண்ணி அந்த வழியே இறங்கும்" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். நெளிதகட்டில் நீர் ஓடுவது பள்ளத்தில்தான். இன்னொன்றும் சொன்னார். "ஓட்டை ஒரு எடத்துல இருக்கும், ஒழுகுறது வேற எடத்துல இருக்கும். ஒழுகுற எடத்தப் பார்க்காத, தண்ணி வந்த வழியப் பாரு."

சுங்கைப்பட்டாணியில் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் பொருள்களின் தன்மைகளைப் பற்றி எத்தனையோ பாடத்திட்டங்கள் எழுதியிருக்கிறேன். 2003 முதல் சில ஆண்டுகள் அறிவியலை ஆங்கிலத்தில் கற்பித்தோம். பிறகு மீண்டும் தமிழுக்கு வந்தோம். 'நீர் ஊடுருவாப் பொருள்: ரப்பர், நெகிழி, கண்ணாடி' என்று இரு மொழிகளிலும் கரும்பலகையில் எழுதியவள் நான். அந்தப் பட்டியலோடு என் அறிவு நின்றுவிட்டது என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

கெடாவில் நமக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை அல்லவா? அந்தச் சனிக்கிழமை முன்பணம் கட்டுவதாக இருந்தோம். பிற்பகலில் வானம் இருண்டது. "நாளைக்குப் போகலாம்" என்றார் கணவர். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இப்பத்தான் மாப்ளே போகணும். கூரைய மழையில பார்க்காம வேற எப்பப் பார்ப்பாங்க?"

போனோம். இடியும் மழையுமாக இருந்தது. அப்பா வண்டிக்குள் ஏறிப் படுக்கையில் அமர்ந்தார். கூரையின் நடுப்பகுதியை அவர் பார்க்கவே இல்லை. கூரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கையால் தடவிக்கொண்டே போனார். தலைமாட்டு அலமாரியைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்த்தார். பிறகு உள்மூலையைக் கட்டை விரலால் அழுத்தினார். தேநீரில் நனைத்த ரொட்டி போலப் பலகை உள்ளே போயிற்று.

"மேல இருக்குற ரப்பரு நீ சொன்ன மாதிரி நல்ல ரப்பருதான் தாயி. அடியில இருக்குற பலகை செத்துப்போச்சு."

விற்பவரின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் அது புதுச் செய்தி போலத்தான் தோன்றியது. அதற்கு முந்தைய உரிமையாளர், ஒழுகிய பழைய கூரையின் மேல் பலகையை மாற்றாமல் ரப்பர் விரிப்பை ஒட்டியிருக்க வேண்டும். ரப்பர் நீரை ஊடுருவ விடாது. மேலிருந்து உள்ளே விடாதது போலவே, உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்தையும் வெளியே விடாது! இருபது ஆண்டுகளாகக் கற்பித்த பாடத்தின் மறுபாதி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா ரப்பரைப் பற்றிச் சொன்னது தவறு. கூரையைப் பற்றிச் சொன்னது சரி.

திரும்பும் வழியில் அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாடாங் செராயில் நிறுத்தி அவருக்குப் பிடித்த ரொட்டி சானாய் வாங்கினேன். "சீனி அதிகமா வேணும்" என்றார். மருத்துவர் தடுத்திருக்கிறார். போட்டுக் கொடுத்தேன்.

இரண்டாவது வண்டி அலுமினியக் கூரை உடையது. ஒரு சிற்றுந்துச் சட்டத்தின் மேல் உள்ளூர்ப் பட்டறையில் கட்டியது. அலுமினியம் துருப்பிடிக்காது, அதன் மேல் தானாகவே உருவாகும் மெல்லிய படலம் அதைக் காக்கும். ஆனால், வெப்பத்தில் எஃகைப் போல் இரு மடங்கு விரியும். ஐந்து மீட்டர் நீளக் கூரை, விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 40 பாகை சூடேறினால், நாலரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஒவ்வொரு நாளும் நீண்டு, ஒவ்வோர் இரவும் சுருங்கினால், தகடுகளின் இணைப்பிலுள்ள பசை என்னாகும்? இந்தக் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். "அதான் சிங்கு ஆணிக்கு ஓட்டையக் கொஞ்சம் பெருசாப் போடுவோம்" என்றார். அந்த வண்டியில் அலுமினியத் தகட்டை எஃகுத் திருகாணிகளால் பொருத்தியிருந்தார்கள். இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும். ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இருந்தும் அது சரிசெய்யக்கூடிய குறைதான். உரிமையாளரும் எதையும் மறைக்கவில்லை. அவ்வண்டியை விட்டதற்குக் காரணம் வேறு. சுமை ஏற்றாத நிலையிலேயே அதன் எடை 3,500 கிலோகிராமைத் தாண்டியது. அதற்கு என் கணவரிடமுள்ள 'டி' உரிமம் போதாது.

மூன்றாவது வண்டியைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. சிறியது, பழையது, மஞ்சளித்துப் போனது. இரண்டு பேர் படுக்கலாம். மூன்றாமவர் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சுருண்டுகொள்ள வேண்டும். ஆனால், கூரையும் பக்கச் சுவர்களின் மேற்பகுதியும் ஒரே அச்சில் வார்த்த கண்ணாடியிழை. இணைப்பே இல்லை. மீன்பிடிப் படகுகளைச் செய்கிறார்களே, அதே பொருள். கண்ணாடி நூலிழைப் பாய்களைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக வார்ப்பது. வெயில் பட்டுப் பட்டு அதன் மேற்பூச்சு சுண்ணாம்பு போல் கையில் ஒட்டியது. காற்றுத் துளையைச் சுற்றிச் சிலந்தி வலை போல் விரிசல்கள் இருந்தன.

அப்பா ஒரு நாணயத்தைக் கேட்டு வாங்கினார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல உட்புறக் கூரை முழுவதும் தட்டினார். கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தில் 'டக்' என்று கூரிய ஓசை வரும். அடுக்கு பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாகும். காற்றுத் துளையின் அருகே உள்ளங்கை அளவு இடம் மட்டும் மந்தமாக ஒலித்தது. மூலைகளில் கட்டை விரல் உள்ளே போகவில்லை. அவர் கேட்டபடி மழைக்காகவும் காத்திருந்தோம். ஐந்து நாள்கள் மழையே இல்லை! கடைசியில் உரிமையாளரிடம் நீர்க்குழாய் வாங்கி, கணவர் ஏணியில் நின்று அரை மணி நேரம் கூரைமேல் பீய்ச்சினார். அப்பா உள்ளே படுத்துக்கொண்டு மேலே பார்த்தபடியே இருந்தார்.

அதைத்தான் வாங்கினோம். பதிவு அட்டையில் உடல் வகை முறையாகப் பதியப்பட்டிருக்கிறதா என்பதைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுத்தோம். சாதாரண வேனை வீட்டு வண்டியாக மாற்றிவிட்டு, பதிவை மாற்றாமல் விற்பவர்களும் இருக்கலாம். வாங்க நினைப்போர் கவனிக்க வேண்டும். விரிசல்களைத் தஞ்சோங் டாவாயில் படகு பழுதுபார்க்கும் ஒருவர் தேய்த்து, புதிய இழைப்பாய் வைத்து அடைத்துக் கொடுத்தார். வண்டியைக் கண்டதும், "இது மிதக்குமா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். காற்றுத் துளையைச் சுற்றியிருந்த பழைய பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசினோம். எந்தக் கூரையானாலும் இந்தப் பசையை ஆண்டுக்கு இரு முறையாவது பார்க்க வேண்டும். கண்டதையும் பூசவும் கூடாது. சிலிக்கன் பசை ரப்பர் விரிப்பில் சரியாக ஒட்டாது. பூசிவிட்டால் அதற்கு மேல் வேறெதுவும் ஒட்டாது.

கூரையைப் பற்றிப் பேசுவதால் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தாமான் பகுதிகளிலுள்ள பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் கல்நார்த் தகடுகளே கூரையாக இருக்கின்றன. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஆபத்து அதன் தூசியில் இருக்கிறது. பாசி பிடித்திருக்கிறது என்று கம்பித் தூரிகையோடு மேலே ஏறாதீர்கள். அறுக்கவோ துளையிடவோ செய்யாதீர்கள். மாற்றுவதாக இருந்தால் முறையறிந்தவர்களைக் கொண்டு மாற்றுங்கள். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் குவித்து வைக்காதீர்கள். எங்கள் வீட்டின் பின்கட்டிலும் அக்கூரை இருந்தது; கடன் தொகையில் மிஞ்சியது அதற்கே போயிற்று.

டிசம்பர் விடுமுறையில் புறப்பட்டோம். அப்பா படுத்துக்கொண்டே வந்தார். ஈப்போவில் ஓர் இரவு தங்கினோம். தாப்பாவில் தேநீர் குடித்தோம். வழி நெடுக, எந்த ஊரில் யார் வீட்டுக்குப் பெண் கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவற்றில் பாதிப்பேர் இப்போது இல்லை. ஜொகூரில் அது பருவமழைக் காலம். மச்சாப் ஓய்விடத்தில் நிறுத்தியபோது இரவு மணி பத்து. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியிழைக்கும் உட்கூரைக்கும் இடையே தடித்த நுரைப்பலகை இருப்பதால், உள்ளே யாரோ அரிசி புடைப்பது போல் மெல்லிய ஓசைதான் கேட்டது.

"மழை பெய்யுதா தாயி?"

"பலத்த மழை அப்பா."

"சத்தமே இல்லையே."

சற்று நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் காற்றுத் துளையின் மூடியைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னார். திறந்தேன். மழையின் ஓசை உள்ளே வந்தது. கூடவே நாலைந்து துளிகள் அவர் போர்வையில் விழுந்தன. மூட எழுந்தேன். "இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை குளுவாங்கில் அத்தையின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். அப்பா இறங்கவில்லை, இறங்குவது கடினம். அத்தையைத்தான் இருவர் தாங்கி உள்ளே ஏற்றினோம். அண்ணனின் காலருகே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இருவருமே நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை உயர்த்தி மேலே பார்த்தார்.

"ஒழுகாதா அண்ணே?"

"எம் பொண்ணு பார்த்து வாங்குனது" என்றார் அப்பா.

நான் தேநீர் போட அடுப்பைப் பற்ற வைத்தேன்.